கசெட்டுகளை எந்த ஹார்ட் டிஸ்க்கில் வைப்பது?

வேலை இடமாற்றத்தில் நான் வந்து சேர்ந்த இடம் மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவ. வஸ்கமுவ சரணாலயத்துக்குப் பக்கம். இரவில் யானை வேலியைப் பற்றிய பேச்சுத்தான் அதிகம். என் வாடகை அறையில் ஒரு பழைய வீடியோ டெக்கும் கணினியும் இருக்கின்றன. வன்னியில் இருந்து உறவினர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் அனுப்பும் கசெட்டுகளை இரவில் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா. பல குடும்பங்களுக்குக் காணாமல் போன பிள்ளை நடமாடுகிற ஒரே இடம் அந்தக் கசெட்தான்.

ஒரு மணி நேரக் கசெட் டிவி வடிவில் 13 கிகாபைட் அளவு பிடிக்கும். நூறு கசெட் என்றால் 1.3 டெராபைட். வேகமும் இடமும் வேண்டும் என்று, இரண்டு ஹார்ட் டிஸ்க்கை ஒன்றாகக் கட்டி ரெயிட் 0 என்ற முறையில் வைத்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நான் சூடுபட்டவன்.

ரெயிட் 0 செய்வது இதுதான். ஒரு கோப்பை 64 அல்லது 128 கிலோபைட் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டை முதல் டிஸ்க்கிலும் அடுத்ததை இரண்டாவதிலும் மாறி மாறி எழுதும். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் ஒன்று செத்தால் மற்றதில் மிஞ்சுவது ஒன்றுவிட்டொரு துண்டு. ஒரு மணி நேர வீடியோவுக்கு அது பயன்படாது. ரெயிட் என்ற பெயரில் உள்ள முதல் எழுத்து, ஒன்று போனாலும் தாங்கும் மேலதிகப் பிரதியைக் குறிப்பது. இந்த 0 வகையில் அது கிடையாது. அந்தச் சுழியத்தை நான் கவனிக்கவில்லை.

ஒரு மழைக்காலம் மின்சாரம் இரண்டு மூன்று தடவை போய் வந்தது. மறுநாள் ஒரு டிஸ்க் 'டிக் டிக்' என்றது. பதினொரு கசெட் அதில் இருந்தன. ஒன்பதைத் திரும்ப ஓட்டி எடுத்தேன். இரண்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. முதல் தடவை ஓடியதே பெரிய காரியம். அதில் ஒன்று முல்லைத்தீவில் ஓர் அம்மாவின் மகளுடைய சாமத்திய வீடு. 2009 இல் காணாமல் போன மகன் அதில் பந்தலில் வாழைமரம் கட்டுகிறான். நல்லகாலம், அந்தப் பகுதியில் 12 நிமிடத்தை அவருடைய போனுக்கு முன்னரே சிறிதாக்கி அனுப்பியிருந்தேன். இப்போது மிஞ்சியது அவ்வளவுதான். அவருக்குச் சொல்லும்போது அவர் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லை தம்பி, முகம் தெரியுதுதானே" என்றார்.

கணக்கைப் பார்ப்போம். இலட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட பதிவின்படி ஆண்டுக்கு 1.4 வீதம் பழுதானது. ஒரு டிஸ்க்குக்கு அது. இரண்டைக் கட்டினால் ஏறத்தாழ 2.8, நான்கைக் கட்டினால் 5.5. அது குளிரூட்டிய அறையில் உள்ள கணக்கு. நம்முடைய வெப்பத்துக்கும் மின்வெட்டுக்கும் அதைவிடக் கூடத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

இருந்தாலும் வீடியோ வெட்டி ஒட்டும் வேலைக்கு ரெயிட் 0 வசதிதான். வாங்குகிறவர்கள் இவற்றைப் பாருங்கள். இரண்டும் ஒரே கொள்ளளவு, ஒரே சுழற்சி வேகம் இருக்கட்டும். 4 டெராபைட்டோடு 2 டெராபைட்டைக் கட்டினால் பொதுவாக மொத்தம் 4 தான் கிடைக்கும், மிச்சம் வீண். மாடல் இலக்கத்தைத் தேடி, அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று உறுதி செய்யுங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். தொடர்ந்து நிறைய எழுதும்போது வேகம் விழுந்துவிடும். ஒன்று தடுமாறினால் மற்றதும் காத்து நிற்கும். பெட்டியில் எழுதியிருக்கும் என்று நம்ப வேண்டாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பதை 2020 இல் பயனர்கள் கேள்வி எழுப்பிய பிறகுதான் சொன்னது.

இன்னொன்று கடைக்காரர் சொல்லமாட்டார். 'நாஸ்' என்று விற்கும் டிஸ்க்குகள் ஒரு துண்டை வாசிக்க முடியாவிட்டால் சுமார் 7 செக்கனில் கைவிட்டுவிடும். பிரதி வேறு டிஸ்க்கில் இருக்கும் என்ற நினைப்பில் செய்த ஏற்பாடு அது. ரெயிட் 0 இல் வேறு பிரதி ஏது?

ரீகண்டிஷன் டிஸ்க் மலிவு. வாங்கினால் ஸ்மார்ட் பதிவில் ஓடிய மணித்தியாலத்தையும், 5 ஆம், 197 ஆம் இலக்க வரிகளையும் பாருங்கள். அந்த இரண்டும் சுழியமாக இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

கையில் இரண்டு டிஸ்க்குக்குத்தான் காசு இருந்தால் கட்டவே வேண்டாம். தனித்தனியாக வைத்து இரண்டிலும் ஒரே பிரதியைப் போடுங்கள். கசெட் ஓடுவது அதன் சொந்த வேகத்தில். வினாடிக்கு 4 மெகாபைட்கூட வராது. அதற்கு எந்தப் பழைய டிஸ்க்கும் போதும்.

இப்போது கட்டிய ஜோடியை வெட்டி ஒட்டும் நேரத்துக்கு மட்டும், யூபிஎஸ்ஸோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கசெட்டும் ஓடி முடிந்த அன்றிரவே தனி டிஸ்க் ஒன்றுக்குப் போகிறது. மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு பிரதி துவாயில் சுற்றி, பஸ்ஸில் வவுனியாவில் அக்கா வீட்டுக்குப் போகிறது. அந்த 12 நிமிடம் மூன்று இடத்திலும் இருக்கிறது.