மெஸ் தட்டும் மாத்திரை டப்பாவும்

இரவு எட்டே முக்கால். லேப்பில் கடைசி ரீடிங்கை எடுத்துவிட்டு ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு ஓடிவரும் ஆய்வு மாணவருக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்பது ஹாஸ்டலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சோறு தாராளமாக இருக்கும். சாம்பார் அண்டாவில் பருப்பு போன இடம் தெரியாது, மேலே எண்ணெய் மிதக்கும். பொரியல் பாத்திரம் கழுவப் போயிருக்கும். சோறும் ரசமும் அப்பளமுமாக ஒப்பேற்றிவிட்டுப் போனால் பதினொன்றரைக்குப் பசி கிள்ளும். அந்த நேரத்துக்கு கேட்டுக்கு வெளியே திறந்திருப்பது பரோட்டாக் கடைதான்.

நாலைந்து வருஷம் இப்படியே ஓடி, பழைய பேன்ட் இடுப்பில் ஏறாதபோது பழியெல்லாம் நாக்கின் மேல் விழுகிறது. "வாயைக் கட்டு" என்று வீட்டில் சொல்கிறார்கள். நாக்குக்கும் பங்கு உண்டுதான். ஆனால் மூன்று வேளையும் பொதுச் சமையலில் சாப்பிடுகிறவர் எதைச் சாப்பிடுவது என்பதைப் பெரும்பாலும் அவர் தீர்மானிப்பதில்லை, மெஸ்ஸின் கொள்முதல் பட்டியல் தீர்மானிக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. அதை விட்டுவிட்டு மாத்திரை டப்பாவைத் தேடிப் போவதுதான் எனக்கு ஆதங்கம்.

முதலில் நமக்குப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உடல் நிறை குறியீடு எனப்படும் பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்பது இந்தியர்களுக்கான அளவு. ஐரோப்பியர்களுக்கு இது 25, 30. குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் எட்டிப் பார்ப்பதால் இந்த வித்தியாசம். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 63 கிலோவிலேயே மஞ்சள் விளக்கு எரிகிறது, 68-ல் சிவப்பு. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் பி.எம்.ஐ. 25-ஐ எட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள்.

இப்போது கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் புதுப்பித்த உணவு வழிகாட்டுதலில், 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவரின் ஒரு நாள் தட்டுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம் என்று அளவு சொல்கிறது. இதை முப்பதால் பெருக்குங்கள். ஒரு தலைக்கு மாதம் 810 கிராம் எண்ணெய். இருநூறு பேர் சாப்பிடும் மெஸ்ஸுக்கு 162 கிலோ, அதாவது 15 கிலோ டின் பதினொன்று. பருப்பு 510 கிலோ. முட்டை, கறி போடும் நாட்களுக்காகப் பருப்பில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். உங்கள் மெஸ் போன மாதம் எத்தனை டின் வாங்கியது, எத்தனை மூட்டை பருப்பு இறக்கியது? அந்த இரண்டு எண்கள் கையில் இருந்தால் மெஸ் கமிட்டியில் பேசுவதற்கு வேறு வாதமே வேண்டாம்.

டிவைடிங் சிஸ்டம் நடக்கும் ஹாஸ்டலில் செலவை மாணவர்களே பங்கு போட்டுக் கட்டுவதால் மெஸ் ரெப் கேட்டாலே கணக்கைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், அரசுப் பல்கலைக்கழகம் என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. மத்திய அரசு நிறுவனத்துக்கு மனுவோடு பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். கல்வி வளாகங்களில் ஜங்க் ஃபுட் வேண்டாம், சத்தான உணவு கொடுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-லும் 2018-லும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதன் நகலை மனுவோடு இணைத்துவிடுங்கள்.

பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறார்களா? எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. மெஸ்ஸும் கேன்டீனும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்த 14 இலக்க எண்ணைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 40-வது பிரிவைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. வாங்கிய உணவைக் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே பரிசோதனைக்குக் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை: பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்ன மாத்திரத்தில் சமையலறையில் என்ன சலசலப்பு எழும் என்பதைக் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

கல்லூரி வாக்களித்த வசதியைத் தரவில்லை என்றால், 2023-ல் வந்த மானியக் குழு ஒழுங்குமுறையின் கீழ் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்து ஆம்புட்ஸ்பர்சன் எனப்படும் குறைகேட்பாளர்.

மெஸ் திருந்தும்வரை பட்டினி கிடக்க முடியாதே. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. எட்டு மணிப் பசியைச் சமாளிக்க ஆறு மணிக்கே சுண்டலோ வேர்க்கடலையோ சாப்பிட்டுவிடுவது, லேப் முடிய நேரமாகும் நாட்களில் சக மாணவரை விட்டு பொரியலையும் பருப்பையும் டிபன் பாக்ஸில் எடுத்து வைக்கச் சொல்வது, இரண்டும் எனக்குத் தெரிந்து பலருக்குக் கைகொடுத்திருக்கின்றன. தேநீரையும் எண்ணிப் பாருங்கள். நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை ஆகிறது. ஒரு நாளைக்கு 25 கிராமோடு நிறுத்தச் சொல்கிறது அதே வழிகாட்டுதல். எடையை வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் குறைத்தால் போதும், உணவு 1,000 கிலோகலோரிக்குக் கீழே போகக் கூடாது என்றும் சொல்கிறது.

இந்த வேகம் யாருக்கும் பிடிப்பதில்லை. வைவாவுக்குள், அண்ணன் கல்யாணத்துக்குள் பத்துக் கிலோ குறைய வேண்டும். அங்கேதான் வியாபாரி வருகிறான்.

'ஸ்லிம்மிங் டீ' பலவற்றில் இருப்பது நிலாவரை. அது பேதி மருந்து. போவது தண்ணீர்தான், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். தினமும் குடித்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். 'மூலிகை' என்று அச்சிட்ட மாத்திரைகளில் சிபுட்ராமின் கலந்திருப்பதைப் பல நாடுகளில் ஆய்வகங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் இந்தியா 2011-ல் தடை செய்த மருந்து அது. தைராய்டு குறைபாடு இல்லாதவர் எடை குறைக்க தைராய்டு மாத்திரை போடுவதும் இதயத்தோடு விளையாடுவதுதான். வீடியோ பார்த்துவிட்டு வெங்காரத்தை வாங்கிக் கரைத்துக் குடிப்பதையோ நினைக்கவே கூடாது, அது உயிருக்கே உலை வைக்கும்.

செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகள் உண்மையிலேயே எடையைக் குறைப்பவை. அதனாலேயே கவனம் வேண்டும். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் இவை. வாந்தியில் தொடங்கி பித்தப்பைக் கல், கணைய அழற்சி வரை பக்கவிளைவுகள் உண்டு. இன்ஸ்டாகிராமில் விலை சொல்பவரிடம் வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

எடைக்கு இது மருந்து என்று விளம்பரம் செய்வதே குற்றம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம், 1954, விளம்பரம் கூடாத நோய்களின் பட்டியலில் உடல் பருமனையும் வைத்திருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆகவே டப்பா, பில், பணம் அனுப்பிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். மிச்ச மாத்திரையையும்தான்.

உடம்பைச் சொல்லிச் சீண்டுவதற்கும் சட்டம் இருக்கிறது. மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிகளில் 2016-ல் செய்த திருத்தம், ஒருவரின் தோற்றத்தை வைத்து உடலளவிலோ மனத்தளவிலோ துன்புறுத்துவதையும் ராகிங் என்று சேர்த்தது. 1800-180-5522 எண்ணில் புகார் செய்யலாம். சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கம், நாள் கணக்கில் சாப்பிடாமல் இருப்பது, கண்ணாடியைப் பார்க்கவே கூசுவது என்று போய்விட்டால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

எடை குறைப்பு விளம்பரத்தை நம்பிப் பணத்தை விட்டவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு பூட்டுப் போட்ட ஜிம்முக்கும் இது பொருந்தும். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.