எல்.இ.டி. விளக்குப் பட்டைக்கும் வியர்க்கும்!

மாணவர்களே, சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம் என் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தோடு தொடங்குகிறேன். பூஜை அறையில் ஒட்டுவதற்காக 5 மீட்டர் எல்.இ.டி. விளக்குப் பட்டை ஒன்று வாங்கி வந்தேன். ஒட்டும் முன் எரிகிறதா என்று பார்த்துவிடலாமே என்று நினைத்து, சுருளைப் பிரிக்காமல் அப்படியே அடாப்டரில் இணைத்தேன். பளிச்சென்று எரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி ஒலித்தது. பேசிவிட்டுத் திரும்பினால் அறையெங்கும் பிளாஸ்டிக் கருகும் வாடை! சுருளைத் தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். பட்டையைச் சுற்றி வைத்திருந்த பிளாஸ்டிக் சக்கரம் ஓரிடத்தில் இளகி வளைந்து போயிருந்தது.

ஆண்டுதோறும் வெப்பம் பற்றிப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர் செய்த காரியம் இது. சுருளைப் பிரித்த பிறகே எரியவிட வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்ததை அதன் பிறகுதான் படித்தேன். நீங்கள் அந்தத் தவற்றைச் செய்யக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

சூடு எங்கிருந்து வருகிறது?

எல்.இ.டி. விளக்கு சூடாகாது என்று பலரும் நம்புகிறோம். அது பாதி உண்மைதான். பழைய குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி ஒளிர்கிறது. அது வாங்கும் மின்சக்தியில் நூற்றுக்கு 5 பங்கு அளவே கண்ணுக்குத் தெரியும் ஒளியாகிறது. மீதியில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர்களாக வெளியேறிவிடுகிறது. அதனால்தான் அதன் அருகில் கையை நீட்டினாலே சுடும்.

எல்.இ.டி. அதைவிடப் பல மடங்கு சிக்கனமானது. ஆனாலும், சாதாரண விளக்குப் பட்டைகளில் மின்சக்தியின் பாதிக்கும் மேற்பட்ட பங்கு வெப்பமாகவே மாறுகிறது. இந்த வெப்பம் ஒளியோடு சேர்ந்து முன்பக்கமாக வெளியேறுவதில்லை. சிறிய குறைகடத்திச் சில்லுக்குள் பிறந்து, பெரும்பாலும் அதன் பின்பக்கம் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

12 வோல்ட் பட்டையை உற்றுப் பாருங்கள். பொதுவாக மூன்று விளக்குகளுக்கு ஒரு சின்னக் கறுப்புத் துண்டு இருக்கும். அதுதான் மின்தடையம். ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3.2 வோல்ட் தேவை. மூன்றுக்கும் சேர்த்து 9.6 வோல்ட். மீதி 2.4 வோல்ட்டை அந்த மின்தடையம் எடுத்துக்கொள்கிறது. அதாவது, ஐந்தில் ஒரு பங்கு மின்சக்தி ஒளி தராமலேயே வெப்பமாகிவிடுகிறது!

இப்போது என் சுருளுக்கு வருவோம். அது மீட்டருக்கு 14.4 வாட் பட்டை. 5 மீட்டருக்கு 72 வாட். நீளமாகப் பிரித்து ஒட்டியிருந்தால் அந்த வெப்பம் 5 மீட்டருக்கும் பரவியிருக்கும். நானோ உள்ளங்கை அளவுச் சுருளுக்குள் அத்தனையையும் அடைத்து வைத்தேன். நடுவில் இருந்த பட்டைக்கு இரு புறமும் சூடான பட்டைகளே அண்டை வீட்டார். வெப்பம் எங்கே போகும்?

வாளியும் ஓட்டையும்

அடியில் ஓட்டையுள்ள ஒரு வாளியைக் குழாயின் கீழ் வையுங்கள். நீர் மட்டம் உயரும். மட்டம் உயர உயர, ஓட்டை வழியாக நீர் வேகமாக வெளியேறும். உள்ளே வரும் நீரும் வெளியேறும் நீரும் சமமாகும்போது மட்டம் ஒரே இடத்தில் நின்றுவிடும்.

குழாய் நீரை வெப்பம் என்றும், நீர் மட்டத்தை வெப்பநிலை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை எரியவிட்டதும் வெப்பநிலை ஏறும். பிறகு, உண்டாகும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாகி நிலைக்கும். இதுவே வெப்பச் சமநிலை. அது 45 டிகிரியில் நிற்குமா, 90 டிகிரியில் நிற்குமா என்பதே கேள்வி. மட்டத்தைக் குறைக்க இரண்டே வழிகள்: குழாயைச் சற்று மூட வேண்டும் அல்லது ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும்.

அலுமினியம் செய்யும் உதவி

ஓட்டையைப் பெரிதாக்குவது அலுமினியத்தின் வேலை. பொருள்களின் வெப்பக் கடத்துதிறனை ஒப்பிடுங்கள். ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு வாட் கணக்கில் காற்று ஏறத்தாழ 0.025, மரமும் பல பிளாஸ்டிக் வகைகளும் 0.1 முதல் 0.3 வரை, அலுமினியம் 200க்கும் மேல். மரத்தைவிட அலுமினியம் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும்.

அலுமினியம் வெப்பத்தை அழித்துவிடுவதில்லை. அதை வாங்கித் தன் பரப்பு முழுவதும் பரப்பி, காற்றிடம் ஒப்படைக்கிறது. பட்டையிலிருந்து அலுமினியத்துக்கு வெப்பக் கடத்தல், அங்கிருந்து காற்றுக்கு வெப்பச்சலனம், கூடவே கொஞ்சம் கதிர்வீச்சு. பள்ளியில் கொண்டுக்சி, பெரோலாக்கான், சினாரான் என்று மலாய் மொழியில் படிக்கிறீர்களே, அந்த மூன்றும் ஒரே விளக்கில்!

ஒட்டும் இடத்தில் தூசியோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் பட்டைக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் காற்று புகுந்துகொள்ளும். காற்று எவ்வளவு மோசமான கடத்தி என்று மேலே பார்த்தோம். சூட்டில் பசை இளகும், பட்டை தொங்கும், இடைவெளி கூடும், சூடு இன்னும் ஏறும்.

நம் நாட்டு வெப்பம்

வெப்பச் சமநிலையின் கணக்கு அறை வெப்பநிலையிலிருந்துதான் தொடங்கும். அறையைவிட 30 டிகிரி கூடுதலாகச் சூடேறும் பட்டை, 10 டிகிரிக் குளிர் அறையில் 40 டிகிரியில் நிற்கும். 32 டிகிரி உள்ள நம் வீட்டில் அதே பட்டை 62 டிகிரியை எட்டிவிடும். காற்றோட்டமில்லாத மரச் சாமி மேடைக்குள் இன்னும் அதிகம்.

பெட்டியில் ‘50,000 மணி நேரம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். தினமும் 6 மணி நேரம் எரித்தால் 22 ஆண்டுகளுக்கு மேல் வர வேண்டும். ஆனால், அந்தக் கணக்கு விளக்கு போதிய அளவு குளிர்ச்சியாக இருந்தால்தான் பொருந்தும். அதிகச் சூட்டில் ஒளி மங்கும். வெள்ளை நிறத்தைத் தரும் பாஸ்பர் பூச்சும் உறையும் சிதைந்து நிறம் மாறும். பொதுவாக, ஒளி தொடக்க அளவில் 70 விழுக்காட்டுக்கு இறங்குவதையே ஆயுள் முடிவாகக் கணக்கிடுகிறார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. சுருளை முழுவதும் பிரித்த பிறகே எரியவிடுங்கள்.

2. மீட்டருக்கு 10 வாட்டுக்கு மேற்பட்ட பட்டையை அலுமினியச் சட்டத்தில் ஒட்டுவது நல்லது.

3. திரைச்சீலை, காகிதப் பூ, பஞ்சு ஆகியவை பட்டைமேல் படக்கூடாது. அகல் விளக்கின் சுடரும் பட்டைக்கும் ஒயருக்கும் அருகில் வேண்டாம்.

4. 72 வாட் பட்டைக்கு 60 வாட் அடாப்டர் போதாது. அடாப்டரின் திறனில் 80 விழுக்காடு வரை பயன்படுத்துவது நல்ல வழக்கம். அப்படியானால் 90 வாட் தேவை. சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அடாப்டரைத் துணிக்கடியில் ஒளித்து வைக்காதீர்கள்.

5. ஒளியைக் குறைக்கும் கருவி இருந்தால் பயன்படுத்துங்கள். 70 விழுக்காட்டுக்குக் குறைத்தால் கண்ணுக்கு அவ்வளவாக வேறுபாடு தெரியாது. ஆனால், வெப்பம் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். குழாயைச் சற்று மூடும் வழி இதுதான்!

நீங்களே செய்து பாருங்கள்

ஆசிரியர் அல்லது பெற்றோர் மேற்பார்வையில் 12 வோல்ட் பட்டையில் 30 சென்டிமீட்டர் துண்டுகள் இரண்டை, கத்தரி அடையாளமிட்ட இடத்தில் வெட்டுங்கள். ஒன்றை மரச் சட்டத்திலும் மற்றொன்றை அதே நீள அலுமினியச் சட்டத்திலும் ஒட்டி, ஒரே நேரத்தில் எரியவிடுங்கள். 5 நிமிடத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரத்துக்கு, பட்டையின் மேல் வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். இரண்டு கோடுகளும் முதலில் ஏறி, பிறகு படுத்துவிடும். எது உயரத்தில் படுக்கிறது? ஏன்? வாளியை நினைத்துக்கொண்டு விடை எழுதுங்கள்.

என் பூஜை அறையில் இப்போது அலுமினியச் சட்டத்தில் புதுப் பட்டை எரிகிறது. ஆனாலும், நான் எந்த விளக்கைக் கையில் எடுத்தாலும் அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுக்கிறார்: “சார், சுருளப் பிரிச்சாச்சா?”