தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்பது உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் செயல்படுத்தப்பட்ட தாய் சேய் நலத் திட்டம் ஆகும். இதன் முதற்கட்டம் 1980 முதல் 1989 வரையும், இரண்டாம் கட்டம் 1990 முதல் 1997 வரையும் நடைபெற்றன. உணவு வழங்குவதைவிட, வீட்டில் குழந்தைக்கு உணவூட்டும் முறையை மாற்றுவதே இதன் முதன்மை நோக்கமாக இருந்தது.

பின்னணி

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. ஊட்டக்குறைவால் மிகுதியாகப் பாதிக்கப்படுபவர்கள் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளே. ஆனால் அன்றைய உணவளிப்புத் திட்டங்கள் பெரும்பாலும் அவர்களைச் சென்றடையவில்லை. உணவு போதிய அளவில் உள்ள வீடுகளிலும்கூடச் சிறு குழந்தைகள் நலிந்திருந்தனர். எனவே வறுமையை மட்டும் காரணமாகக் கொண்டு திட்டமிடுவது போதாது என்று கருதப்பட்டது.

செயல்முறை

ஊட்டச்சத்து, ஊரக நலவாழ்வு, தகவல் பரப்பல், கண்காணிப்பு என நான்கு கூறுகள் இருந்தன. ஒவ்வோர் ஊட்டச்சத்து மையத்திலும் அவ்வூரைச் சேர்ந்த பெண் ஒருவர் பணியமர்த்தப்பட்டார். ஏழையாக இருந்தும் தம் குழந்தையை நன்கு வளர்த்த பெண்களுக்குத் தேர்வில் முன்னுரிமை தரப்பட்டது. அண்டை வீட்டுத் தாய்மார் அவரது சொல்லை நம்புவர் என்பதே காரணம்.

6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகள் மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டனர். எடை எதிர்பார்த்தபடி கூடாத குழந்தைகளுக்கும், கடும் ஊட்டக்குறைவு உள்ளவர்களுக்கும் மட்டும் சத்துருண்டை வழங்கப்பட்டது. குறைந்தது 90 நாட்கள் வழங்கிய பின், எடை கூடிய குழந்தைக்கு அது நிறுத்தப்பட்டது. உணவு இங்கே ஏறத்தாழ மருந்துபோலக் கையாளப்பட்டது எனலாம். தன் குழந்தையின் வளர்ச்சிக்கோடு தாழ்வதைத் தாயே அட்டையில் காண்பதும், அதையொட்டி அறிவுரை பெறுவதும் உருண்டையைவிட முக்கியமாகக் கருதப்பட்டன.

இத்தகைய அறிவுரை பயன்பட வேண்டுமானால், வீட்டிலேயே மலிவாகச் செய்யக்கூடிய உணவு தேவை. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் ராஜம்மாள் தேவதாஸ் குழுவினர் உருவாக்கிய ‘குழந்தை அமுது’ அவ்வகையைச் சேர்ந்தது. கம்பு, சோளம், கேழ்வரகு போன்ற தானியம் ஒன்றுடன் பயற்றம்பருப்பு, நிலக்கடலை, வெல்லம் சேர்த்து இது செய்யப்படும். கொங்கு நாட்டு மானாவாரிக் காடுகளில் விளையும் பொருட்களே இதில் பெரும்பகுதி என்பது குறிப்பிடத்தக்கது.

விளைவுகள்

முதற்கட்டப் பகுதிகளில் கடும் ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்ததாக மதிப்பீடுகள் தெரிவித்தன. எனினும் 1982 இல் ம. கோ. இராமச்சந்திரன் அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது முதல் குழந்தைகளுக்கு உணவளித்ததால், இக்குறைவில் எவ்வளவு எத்திட்டத்தால் நிகழ்ந்தது என்று பிரித்தறிவது கடினமாயிற்று.

வங்காளதேசத்தில்

இத்திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு வங்காளதேசத்தில் ஓர் ஊட்டச்சத்துத் திட்டம் 1995 இல் தொடங்கப்பட்டது. எடை பார்த்தல், தேர்ந்தெடுத்து உணவளித்தல், தாய்க்கு அறிவுரை ஆகியவை அங்கும் பின்பற்றப்பட்டன. ஆயினும் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை என 2003 இல் பிரித்தானியாவின் சேவ் த சில்ரன் அமைப்பு விமர்சித்தது. உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவு 2005 இல் ஒரு முக்கியக் காரணத்தைச் சுட்டியது. அங்கு ஊரகக் குடும்பங்களில் சந்தைக்குச் சென்று பொருள் வாங்குபவர் கணவர். கூட்டுக் குடும்பமாயின், அடுக்களையில் முடிவெடுப்பவர் மாமியார். அறிவுரையோ இளந்தாய்க்கு மட்டுமே சொல்லப்பட்டது. அவர் கேட்டறிந்ததை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் அவரிடம் இருக்கவில்லை. தமிழ்நாட்டில் தாய்க்கு ஓரளவு அவ்வதிகாரம் இருந்தது. அது திட்ட ஆவணத்தில் எழுதப்படாத முன்நிபந்தனை என்பதால், முன்மாதிரியைப் பின்பற்றியோர் கண்ணில் படவில்லை. மெய்யியலாளர் நான்சி கார்ட்ரைட், ஜெரெமி ஹார்டி ஆகியோர் 2012 இல் எழுதிய நூலில் இவ்விரு திட்டங்களையும் விரிவாக ஒப்பிட்டுள்ளனர்.

இரண்டாம் கட்டம்

தமிழ்நாட்டில் 1990 இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் வயது வரம்பு ஆறு ஆண்டுகள் வரை உயர்த்தப்பட்டது. பின்னர் இதன் மையங்கள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் இணைக்கப்பட்டன.