சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல்

மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் ஜிபிஎஸ், திறந்த சாலையில் சில மீட்டருக்குள் இடத்தைச் சரியாகவே காட்டும். எஃகுப் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும் யார்டுக்குள் போனதும் அதே கருவி லாரியை அடுத்த வரிசையில் காட்டக்கூடும். கருவியில் பழுதில்லை. செயற்கைக்கோளின் சிக்னல் பெட்டிகளில் பட்டுத் திரும்பி, சுற்றுவழியில் ஆன்டெனாவுக்கு வருகிறது. இதுதான் மல்டிபாத் பிழை.

சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து சிக்னல் வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்தே ஜிபிஎஸ் தூரத்தைக் கணக்கிடுகிறது. 15 மீட்டர் கூடுதலாகச் சுற்றிவந்த சிக்னல் 50 நானோ நொடி தாமதமாக வரும். நேராக வந்ததோடு அது கலந்துவிட்டால் கணக்கு பிசகும்.

லாரிக்குப் பத்து மீட்டர் பிசகினால் பெரிய நஷ்டமில்லை. நிலத்தை அளக்கும்போது அப்படியில்லை. ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் நெருங்கி நிற்கும் இந்தப் பகுதியில் எல்லைக்கல் பல இடங்களில் காம்பவுண்டு சுவரை ஒட்டியே இருக்கிறது. இந்திய நில அளவைத் துறையின் கோர்ஸ் (தொடர்ந்து இயங்கும் மேற்கோள்) நிலையங்கள் அனுப்பும் திருத்தம், வளிமண்டலத்தாலும் செயற்கைக்கோள் கடிகாரத்தாலும் வரும் பிழைகளைப் பெருமளவு நீக்கும். ஆனால் உங்கள் சுவரில் பட்டுத் திரும்பிய சிக்னல் அந்த நிலையத்துக்குத் தெரியாது. திருத்தம் வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்ற நம்பிக்கை இங்கேதான் ஆபத்தாகிறது.

தொழில்நுட்பம் கைகொடுக்காமல் இல்லை. செயற்கைக்கோள் சிக்னல் வலஞ்சுழியாக வருகிறது. பெரும்பாலும் ஒருமுறை மோதித் திரும்பும்போது இடஞ்சுழியாகிவிடும். நல்ல ஆன்டெனா இடஞ்சுழியைப் பெருமளவு தள்ளிவிடும். சோக் ரிங் எனப்படும் வளைய ஆன்டெனா, தரையிலிருந்தும் தாழ்ந்த கோணத்திலிருந்தும் வருவதை அடக்கும். ஜிபிஎஸ்ஸின் எல்5 அலைவரிசைக் குறியீடு அதன் பழைய எல்1 குறியீட்டைவிடப் பத்து மடங்கு வேகமானது. அதனால் சுற்றிவந்த சிக்னலைப் பிரித்தறிவது எளிது. இடங்காட்டும் நம் நாவிக் செயற்கைக்கோள்களும் தொடக்கத்திலிருந்தே எல்5-இல் ஒலிபரப்புகின்றன; ஆனால் அவற்றின் பொதுக் குறியீட்டுக்கு அந்த வேகம் இல்லை. பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 மே 29 அன்று ஏவப்பட்ட நாவிக் செயற்கைக்கோள் என்விஎஸ்-01 எல்1 அலைவரிசையையும் சேர்த்துத் தருகிறது.

ஆனாலும் விலை உயர்ந்த ஆன்டெனாவைவிட அதை எங்கே நிறுத்துகிறோம் என்பதே முக்கியம் என்பேன். சுவரோரக் கல்லின் மேல் ஜிபிஎஸ் கம்பத்தை நட்டு, ஒரு நிமிடத்தில் அளந்துவிட்டுப் போகக் கூடாது. திறந்த வெளியில் இரண்டு புள்ளிகளை ஜிபிஎஸ்ஸால் பிடித்து, அங்கிருந்து கல்லை, கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனால் அளக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து, செயற்கைக்கோள்கள் இடம் மாறிய பிறகு, அந்த இரண்டு புள்ளிகளையும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் அந்த அளவை வரைபடத்தில் ஏற்றக் கூடாது.