இற்றுப்போகும் வலையும் இற்றுப்போகா வலையும்

நெய்தல் திணையை வகுப்பறையில் கற்பிக்கும் நாம், அந்நிலத்தை நேரிற் காண்பது அரிது. அக்குறை தீர எம் துறை மாணவர் சிலருடன் ஒருமுறை கோடியக்கரைக்குச் சென்றிருந்தோம். வங்கக் கடலோரம் மேற்கே திரும்பிப் பாக்கு நீரிணையைத் தொடும் முனை அது. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை வெளியூர் மீனவர் பலர் அங்கே கொட்டகையிட்டுத் தங்கித் தொழில் செய்வர். கீற்று நிழலில் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "ஐயா, பழைய வலைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?" என்று மாணவர் ஒருவர் வினவினார். முதியவர் தலை நிமிராமலே சொன்னார்: "அது நூல் வலை தம்பி. காயவைக்காம ஈரத்தோட குவிச்சு வச்சா இத்துப் போயிரும். இது இத்துப் போவாது. கடல்ல தவறி விட்டாலும் அப்புடியே கெடக்கும். அதான் வம்பு."

'இத்துப்போதல்' என்பது 'இற்றுப்போதல்' என்பதன் பேச்சு வடிவம். 'இறு' என்னும் வினைக்கு முறிதல், அறுதல், முடிதல் என்பன பொருள். வேதியியலார் இந்நிகழ்ச்சிக்குத் தரும் விளக்கமும் ஒரு சங்கிலி அறுபடுவதே என்பதால், முதியவரின் சொல்லையே பிடித்துக்கொண்டு மேலே செல்வோம்.

அச்சங்கிலியைத்தான் ஆங்கிலவழிக் கற்றோர் 'பாலிமர்' என்பர். பல பகுதிகளை உடையது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். நம் பாடநூல்கள் 'பலபடி' என்கின்றன. கோடியக்கரைக்கு எதிர்க்கரையான ஈழத்தில் 'பல்பகுதியம்' என்கின்றனர். மூலச்சொல்லுக்கு நெருங்கியது எதிர்க்கரைச் சொல்லே என்பது எம் கருத்து. நெல்லளக்கும் 'படி' நினைவுக்கு வந்து தஞ்சைத் தரணி மாணவரை மயக்குவதும் உண்டு. கலைச்சொல்லாக்கத்திற்கே வாழ்நாளை ஈந்த மணவை முஸ்தபா (1935–2017) போன்றோர் இத்தகைய சிக்கல்களோடு எவ்வளவு போராடியிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இக்கட்டுரையில் பாடநூல் வழக்கையே கொள்வோம். சிறு மூலக்கூறு ஒன்று 'ஒருபடி'. அவை நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ கைகோத்து நீண்டால் அது 'பலபடி'.

நெல்லின் நினைவு வந்தபின் அதை விட்டுவிட மனமில்லை. காவிரிப் படுகையின் வயலில் விளையும் அரிசியும் அதைத் தாங்கி நின்ற வைக்கோலும் பெரும்பாலும் ஒரே பொருளால் ஆனவை. இரண்டிலும் ஒருபடி குளுக்கோஸ் என்னும் சர்க்கரையே. அரிசியில் அது ஆல்ஃபா என்னும் வகையில் இணைந்து சுருள்சுருளாக வளைந்த மாவுப்பொருளாகிறது. வைக்கோலில் பீட்டா என்னும் வகையில் இணைகிறது. அச்சங்கிலி வளையாமல் நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் அருகருகே அடுக்கப்பட்டு, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றிச் செல்லுலோஸ் இழையாகின்றன. ஆல்ஃபா இணைப்பை வெட்டும் நொதி நம் உமிழ்நீரிலேயே இருக்கிறது. பீட்டா இணைப்பை வெட்டும் நொதி மனித உடலில் இல்லை. ஆகவே நாம் சோற்றை உண்கிறோம், வைக்கோலை மாட்டுக்குப் போடுகிறோம். மாட்டுக்கும் அந்நொதி சொந்தமன்று; அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே வெட்டித் தருகின்றன. ஒரு பலபடி அழியுமா நிலைக்குமா என்பதை அறிய, அதன் இணைப்பை வெட்டும் கத்தரி எவரிடம் உள்ளது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

பருத்தி ஏறத்தாழ முழுவதும் செல்லுலோஸ்தான்; அதன் ஒரு சங்கிலியில் பத்தாயிரம் அளவிலான குளுக்கோஸ் அலகுகள் இருக்கலாம். நனைந்தால் வலிமை குறையும் என்று நாம் எண்ணுவோம். பருத்தி நூலோ நனைந்தால் வலிமை கூடுவது. ஆயினும் ஈரமும் சேறும் மீன்கழிவும் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் கத்தரியோடு வந்துவிடும். அதனால்தான் நூல் வலைக்காரர் கரையேறியதும் வலையை அலசி, வெயிலில் விரிக்க வேண்டியிருந்தது. மரப்பட்டை, புளியங்கொட்டைத் தோல் முதலியவற்றின் சாற்றில் வலையை ஊறவைக்கும் வழக்கமும் இருந்தது. அச்சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின், புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்பினது. நொதிகளும் புரதங்களே ஆதலின் அவை முடங்கிப்போகும். ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுவதும் இதே வேதியியல்தான்; அங்கே டானின் பற்றுவது தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரதப் பலபடியை. ஆம்பூர், வாணியம்பாடி வணிகக் குடும்பங்களை அறிந்த நம் பெரியோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இயற்கைப் பலபடிகள் யாவும் விரைவில் மக்கும் என்று கொள்ளுதலும் தவறு. கட்டுமரத்தைப் பிணைக்கும் தென்னங்கயிறு உப்புநீரில் நெடுநாள் உழைக்கும். தேங்காய் நாரில் லிக்னின் என்னும் சிக்கலான பலபடி மிகுதி. அதனை வெட்ட வல்ல உயிர்கள் சிலவே. மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் ஊறப்போடும்போது நுண்ணுயிர்கள் நாரைப் பிணைத்திருக்கும் பெக்டினைத் தின்றுவிட்டு, நாரை நமக்கு விட்டுவைக்கின்றன. அழுகலையே கருவியாக்கிக்கொண்ட கைத்தொழில் இது.

இனிச் செயற்கைக்கு வருவோம். இப்பொருள்கள் நீண்ட சங்கிலிகளே என்று ஜெர்மானியரான ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் எழுதியபோது ஏற்றோர் சிலரே. நோபல் பரிசு அவரை வந்தடைய 1953 ஆயிற்று. இதற்கிடையே 1935 பிப்ரவரியில், அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலான் 66ஐ உருவாக்கினர். ஆறு கார்பன் கொண்ட இருவகை மூலக்கூறுகள் மாறிமாறி இணைய, ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். 1937இல் மறைந்த கரோதர்ஸ் அதன் புகழைக் காணவில்லை. 1938இல் ஜெர்மனியில் பவுல் ஷ்லாக், கேப்ரோலாக்டம் என்னும் ஒற்றை வளையத்தைத் திறந்து நைலான் 6ஐச் செய்தார். 1950களின் இறுதியில் நைலான் இந்திய மீன்வலைக்குள் புகுந்தது. நம் நாட்டு நைலான் வலைகளில் மிகுதியும் இந்த நைலான் 6 வகையே.

நைலானின் சங்கிலியை இணைக்கும் அமைடு பிணைப்பு, பட்டிலும் கம்பளியிலும் நம் தசையிலும் உள்ள அதே பிணைப்பு! அங்ஙனமாயின் நுண்ணுயிர்கள் ஏன் வெட்டுவதில்லை? இழையில் சங்கிலிகள் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால் பருத்த நொதி உள்ளே நுழைய இடமில்லை. மேலும் நூறாண்டுகூட நிறையாத இப்பொருளுக்கேற்ற கத்தரியை உயிர்கள் இன்னும் செவ்வனே ஆக்கிக்கொள்ளவில்லை. நைலான் ஆலைக் கழிவுநீரில் வாழும் பாக்டீரியம் ஒன்றை ஜப்பானியர் 1975இல் கண்டறிந்தனர். அதுவும் இரண்டு மூன்று அலகுத் துண்டுகளைத்தான் தின்றது. முழு இழையைத் தின்னவில்லை.

நைலானை வெட்டுவதில் வல்லது வெயிலே. புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு நரம்பு வலை நொறுங்கும். அன்று நூல் வலையைக் காத்த வெயில் இன்று நைலான் வலைக்குப் பகையாயிற்று. மூத்தோர் பழக்கத்தால் வெட்டவெளியில் விரிப்போர் இதனைக் கருதுதல் நலம். அவ்வெயிலும் கடலடிக்கு எட்டுவதில்லை. புயலில் அறுந்து மூழ்கிய வலை குளிர்ந்த இருளில் பல்லாண்டு கிடந்து, இழுப்பாரின்றியே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். கோடியக்கரை மணலில் முட்டையிட வரும் பங்குனி ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. வலையிற் சிக்கி மேலே வர இயலாதபோது அது நீரிலேயே மூச்சடைத்து மாள்கிறது. முதியவர் 'வம்பு' என்றது இதனையே.

நைலான் 6க்கு ஒரு நற்குணம் உண்டு. உரிய வெப்பமும் வினையூக்கியும் கிடைத்தால் அதன் சங்கிலி மீண்டும் கேப்ரோலாக்டமாகப் பிரியும்; அதிலிருந்து புதிய இழையே நூற்கலாம். ஆனால் வலையோடு வரும் கயிறு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். அதன் முதுகெலும்பு முழுவதும் கார்பன்–கார்பன் பிணைப்பு. அது வேறு குலம். கலந்து உருக்கினால் இரண்டும் கெடும். முதலில் பிரித்தாக வேண்டும்.

முதியவர் வெட்டியெறிந்த வலைத்துண்டும் கயிற்றுத்துண்டும் ஒரே சாக்கில் கிடந்தன. நம் மாணவர் அவற்றை ஒரு வாளிக் கடல்நீரில் நனைத்து, காற்றுக்குமிழி போகப் பிழிந்துவிட்டனர். நைலானின் அடர்த்தி 1.14; கடல்நீரினது ஏறத்தாழ 1.03, பாலிபுரோப்பிலீனது 0.91. வலைத்துண்டுகள் அடியில் தங்கின, கயிற்றுத்துண்டுகள் மிதந்தன. மாணவர் வியந்து முதியவரைப் பார்த்தனர். "மெதக்குற கயித்தத்தானே தம்பி மேல் கயிறா போடுறோம்" என்று அவர் சிரித்துவிட்டு, மிதந்ததை ஒரு சாக்கிலும் மூழ்கியதை மற்றொரு சாக்கிலும் போடத் தொடங்கினார்.