கல்லீரலுக்குப் பாகு பதம்

விருதுநகரிலிருந்து ஒரு வாசகர் வாட்ஸாப்பில் வந்த படம் ஒன்றை அனுப்பி, ‘கல்லீரலையே பிரிண்டரில் எடுத்துவிட்டார்களாமே சார், இனி உறுப்பு தானத்துக்குக் காத்திருக்க வேண்டாமா?’ என்று கேட்டிருக்கிறார். படத்தில் செக்கச்செவேலென்று, கழுவித் துடைத்த மாதிரி ஒரு முழுக் கல்லீரல். பார்த்ததுமே தெரிகிறது, பிளாஸ்டிக். அறுவை சிகிச்சைக்கு முன்னால் எங்கே கத்தி வைப்பது என்று பார்த்துக்கொள்ள, நோயாளியின் ஸ்கேனை வைத்து அச்சடிக்கும் மாதிரி உருவம். சாவிக்கொத்துக்கு எவ்வளவு உயிர் உண்டோ அவ்வளவுதான் அதற்கும்.

உயிருள்ள செல்களை வைத்துச் செய்த நிஜமான கல்லீரல் திசு இத்தனை லட்சணமாக இருக்காது. வெளுத்த கடல்பாசி வில்லை போல இருக்கும். அளவும் அப்படித்தான். 2016-ல் நாசா ஒரு போட்டி அறிவித்தது: எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள மனிதத் திசுவைச் செய்து, அதை 30 நாள் உயிரோடு வைத்துக் காட்ட வேண்டும். ஐந்து வருடம் கழித்து, 2021 ஜூனில், அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் மீளுருவாக்க மருத்துவ நிலையத்தின் இரண்டு குழுக்கள் முதலிரண்டு பரிசுகளையும் வாங்கின. இரண்டு குழுவும் செய்தது கல்லீரல் திசுதான். முதல் பரிசு மூன்று லட்சம் டாலர். வளர்ந்தவரின் கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அப்படியான கட்டிகள் 1,500 சேர்ந்தால்தான் அந்த எடை வரும்.

ஒரு சென்டிமீட்டருக்கா இந்தப் பாடு? செல்களை உற்பத்தி செய்வது பெரிய தொல்லை இல்லை. அவற்றுக்கு மூச்சுவிட வழி செய்வதுதான் தொல்லை. ரத்தக்குழாயிலிருந்து ஆக்சிஜன் தானாகக் கசிந்து போகக்கூடிய தூரம் சுமார் 0.2 மில்லிமீட்டர், இரண்டு தலைமுடித் தடிமன். அதற்கு அப்பால் உள்ள செல் திணறும், பிறகு சாகும். பெரிதாகப் போட்ட போண்டாவில் மேல்பக்கம் வெந்து நடுவில் மாவாகவே இருக்குமே, அந்தக் கதை. ஆகவே கல்லீரலை அச்சடிப்பது என்றால் செல்களை அச்சடிப்பதல்ல, அவற்றுக்கு நடுவே ஓட்டைகளை அச்சடிப்பது. பிரிண்டரின் குழல் வழியே செல்கள் கலந்த கூழைப் பிழியலாம். வெற்றிடத்தை எப்படிப் பிழிவது?

2012-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோர்டான் மில்லரும் கிறிஸ்டோபர் சென்னும், எம்.ஐ.டி.யின் சங்கீதா பாட்டியாவோடு சேர்ந்து, இதற்கு ஒரு விடை சொன்னார்கள். எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே அந்த விடைதான். சர்க்கரைப் பாகு.

கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடித்தவர்களுக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி, தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். நீர் வற்றி, சர்க்கரை கண்ணாடியாக இறுகும் பதம் அது. அந்தப் பதத்துச் சர்க்கரையைத்தான் குழல் வழியே இழை இழையாக இழுத்து, கம்பி வலை போல அடுக்கினார்கள். ஆனால் பாகுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: பூத்துப்போகும். அதற்காகத்தான் நம் வீடுகளில் அரைமூடி எலுமிச்சை பிழிகிறோம். எலுமிச்சையின் புளிப்பு, சுக்ரோஸில் கொஞ்சத்தை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கிறது. பெரிதும் சிறிதுமாகக் கலந்துகிடக்கும் செங்கல்லை ஒழுங்காக அடுக்க முடியாது. அதுபோலப் படிகம் கட்ட முடியாமல் பாகு கண்ணாடியாகவே நின்றுவிடுகிறது. ஆய்வகத்தில் எலுமிச்சை இல்லை. சர்க்கரையோடு குளுக்கோஸை நேரடியாகவே கலந்தார்கள், விறைப்புக்கு டெக்ஸ்ட்ரான் சேர்த்தார்கள். ஆச்சி சுற்றி வளைத்துச் செய்ததை இவர்கள் நேராகச் செய்தார்கள், அவ்வளவுதான்.

இனி அந்த வலையைச் சுற்றி செல்கள் மிதக்கும் ஜெல்லை ஊற்ற வேண்டும். ஜெல் என்பதே பெரும்பாலும் தண்ணீர்தான். பாகு சும்மா இருக்குமா? கரைந்த சர்க்கரை ஜெல்லுக்குள் பரவினால், உப்பில் போட்ட மாங்காய்த் துண்டு போலச் செல்கள் நீரிழந்து சுருங்கிவிடும். எனவே ஒவ்வொரு இழைக்கும் ஒரு மெல்லிய பாலிமர் பூச்சு. கரையும் தையல் நூலில் இருக்கும் அதே பொருள். ஜெல் இறுகிய பிறகு சர்க்கரை, தான் விட்டுச்செல்லும் குழாய் வழியாகவே கரைந்து வெளியேறிவிடும். பொரி உருண்டையைத் தண்ணீரில் போட்டு, பாகு மட்டும் கரைந்து ஓடி, உருண்டை கலையாமல் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். (நிஜத்தில் பொரி நமுத்துப்போகும், உவமைக்கும் ஓர் எல்லை உண்டு.) அந்தக் குழாய்ச் சுவர்களில் ரத்தக்குழாயின் உள்வரிச் செல்களை ஒட்டவைத்து, துடிப்போடு ரத்தத்தையும் ஓட்டிக் காட்டினார்கள். குழாய் இல்லாத கட்டிகளில் நடுவே சோர்ந்துபோன எலிக் கல்லீரல் செல்கள், குழாய் உள்ளவற்றில் வேலை செய்தன.

2019-ல் மில்லர், ரைஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கெல்லி ஸ்டீவன்ஸோடு சேர்ந்து வேறு வழி பிடித்தார். ஒளியைப் பாய்ச்சி ஜெல்லை அடுக்கடுக்காக இறுகவைக்கும் முறை. ஒளி கீழே கசிந்தால் ஓட்டைகளும் சேர்ந்து இறுகிவிடும். அதைத் தடுக்க மிட்டாய்க்குப் போடும் மஞ்சள் சாயமான டார்ட்ரசைனைக் கலந்தார்கள். மஞ்சளில் உள்ள குர்குமினும் அதற்கு உதவும் என்று காட்டினார்கள். இதைப் படித்ததும் ‘மஞ்சள் கல்லீரலைக் காக்கும், அன்றே சொன்னார்கள்’ என்று யாரும் குடும்பக் குழுவில் போட்டுவிட வேண்டாம். இங்கே அதன் வேலை நிழல் கொடுப்பது மட்டுமே.

வரலாறும் கொஞ்சம் சொல்லவேண்டுமாம். முப்பரிமாண அச்சுக்கு சார்லஸ் ஹல் காப்புரிமை கேட்டது 1984-ல். 1988-ல் ராபர்ட் கிளீப் இங்க்ஜெட் பிரிண்டரால் செல்களை நினைத்த இடத்தில் வைத்துக் காட்டினார். 2003 வாக்கில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போலண்ட் உயிருள்ள செல்களையே அச்சடித்தார். போதும்.

ஓட்டை போட்டாயிற்று, கல்லீரல் தயாரா என்றால், இல்லை. கல்லீரலுக்கு வரவு இரண்டு குழாய்: தமனி ஒன்று, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை ஒன்று. போக்கும் இரண்டு: ரத்தம் ஒரு வழியாகவும் பித்தம் வேறு வழியாகவும் வெளியேற வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் பாயும் இடம் இது. செல் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ரத்தத்தையும் மறுபக்கம் பித்தக் கால்வாயையும் பார்த்து உட்கார வேண்டும். சமையலறைக் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே சுவருக்குள் ஓடி, எங்கேயும் கலக்காமல் இருக்கும் வீட்டைக் கட்டுவது போல. தலைப்புச் செய்தி எழுதுகிறவர்கள் பித்தத்தைப் பற்றி மூச்சே விடுவதில்லை.

2015 இறுதியில் பெங்களூருவின் பாண்டோரம் டெக்னாலஜீஸ் கல்லீரல் திசு அச்சடித்ததாக அறிவித்தபோதும் தலைப்புகள் பறந்தன. அந்நிறுவனம் பிறகு கண்ணின் கருவிழிப் படலத்தின் பக்கம் திரும்பிவிட்டது. சான் டியாகோவின் ஆர்கனோவோ, நோயாளிக்குள் ஒட்டுப்போடும் கல்லீரல் திசுத் திட்டத்தை 2019-ல் நிறுத்திக்கொண்டது. எனவே விருதுநகர் வாசகருக்குப் பதில்: காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே ஆர்கனோவோ 2014-லிருந்து வேறொன்றை விற்றது. உடம்புக்குள் வைப்பதற்கு அல்ல, மருந்து ஊற்றிப் பார்ப்பதற்கான சின்னஞ்சிறு கல்லீரல் துண்டுகள். 1990-களின் இறுதியில் ட்ரோவாஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் சந்தைக்கு வந்தது. விலங்குச் சோதனைகளில் பிடிபடாத கல்லீரல் பாதிப்பு மனிதர்களிடம் தெரிந்து, 1999-ல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், அச்சடித்த துண்டுகள் மீது அந்த மருந்தையும் அதே குடும்பத்தைச் சேர்ந்த, பாதுகாப்பான லீவோஃப்ளாக்சசினையும் தனித்தனியே விட்டுப் பார்த்தார்கள். லீவோஃப்ளாக்சசின் பட்டவை தாக்குப்பிடித்தன. மற்றவை நொடித்துப்போயின.