அழுத்தப் புகையிலை: செய்முறையும் சொல்லாக்கமும்

1. முன்னுரை

போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த புகையிலைச் செடிக்கு இந்திய மொழிகள் இருவகையில் பெயரிட்டன. இந்தி முதலிய மொழிகள் வந்த சொல்லையே தழுவித் 'தம்பாக்கூ' என வழங்கின. தமிழின் 'புகையிலை', மலையாளத்தின் 'புகயில', தெலுங்கின் 'பொகாகு', கன்னடத்தின் 'ஹொகெசொப்பு' ஆகியன புகையையும் இலையையும் குறிக்கும் சொற்களால் ஆக்கப்பட்டவை. பயனை ஒட்டி எழுந்த பெயர் செடிக்கும் பெயராயிற்று. ஆகவே புகையே இல்லாமல் வாயிலிட்டு மெல்லப்படுவதும் தமிழில் புகையிலையே ஆகும்.

ஆங்கிலத்திலோ செடியின் பெயரோடு பண்டத்தின் வடிவங்களுக்கும் தனிப்பெயர்கள் உள்ளன. பிளக், ஃபிளேக், டுவிஸ்ட், கேக், கேவண்டிஷ் என்பன அவற்றுட் சில. இவை அனைத்தையும் 'புகையிலை' என்றோ 'புகையிலைத்தூள்' என்றோ பெயர்ப்பின் மூலத்தின் பொருள் குன்றும். இப்பெயர்கள் ஒரு தொழிலின் அடுத்தடுத்த நிலைகளைச் சுட்டுவன. ஆதலின் தொழிலை அறியாது சொல்லை அறிதல் அரிது. சுங்கானில் இட்டுப் புகைக்கும் அழுத்தப் புகையிலையை முழு இலையிலிருந்து வீட்டில் செய்யும் முறையை விளக்கி, அதன் வழி அச்சொற்களின் பொருளைத் தெளிவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. இலையைப் பதமாக்கல்

இதற்குப் பயன்படுவது முன்னரே பாடம் செய்யப்பட்ட இலை. சூளை வெப்பத்தில் உலர்த்தப்பட்ட வர்ஜீனியா இலையில் சர்க்கரை மிகுதி. நிழலில் காற்றாட உலர்ந்த பர்லி இலையில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் சேர்க்கப்படும் பாகினை அது நன்கு ஈர்த்துக்கொள்ளும். உலர்ந்த இலை தொட்டால் நொறுங்கும். எனவே அதன் மீது நீர் தெளித்து, மூடிய பையில் ஓர் இரவு வைத்தல் வேண்டும். மடித்தால் முறியாமலும், பிழிந்தால் நீர் கசியாமலும் இருப்பதே உரிய நிலை. ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும்.

அமெரிக்கப் புகையிலை உழவர் இந்நிலையிலுள்ள இலையை 'இன் கேஸ்' என்றும் 'இன் ஆர்டர்' என்றும் கூறுவர். இத்தொடர்களுக்குப் பொது அகராதி தரும் பொருள்கள் இங்குச் சிறிதும் பொருந்தா. தமிழில் 'பதம்' என்னும் ஒரு சொல்லே இப்பொருளை நிறைவாகத் தருகிறது.

அடுத்து இலையின் நடுநரம்பு உருவப்படும். இத்தொழிலில் ஆங்கிலச் சொல்லாகிய 'ஸ்டெம்' என்பது இந்நரம்பையே குறிக்கும். அதனைத் 'தண்டு' எனப் பெயர்த்தால் செடியின் தண்டு என வாசகர் மயங்குவர்.

3. அழுத்துதல்

நரம்பு நீக்கிய இலைகள் உறுதியான மரப்பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். பெட்டிக்குள் சரியாக இறங்கும் மரக்கட்டையை மேலே வைத்துத் திருகு பிடியாலோ திருகு ஜாக்கியாலோ இறுக்குவர். அடுக்கு தாழத் தாழத் திருகை மீண்டும் மீண்டும் முடுக்க வேண்டும். அழுத்தத்தால் காற்று வெளியேறுகிறது. இலைகளின் சாறும் ஈரமும் தம்முள் கலந்து சமநிலை பெறுகின்றன. வெப்பம் ஊட்டினால் நிறம் விரைவில் கருக்கும். பாகும் வெப்பமும் அழுத்தமும் சேர்த்துச் செய்வது கேவண்டிஷ் ஆகும். இது செய்முறையின் பெயரேயன்றிச் செடிவகையின் பெயரன்று.

பெட்டியிலிருந்து எடுக்கும் பாளம் கேக். நன்கு இறுகிய சிறு கட்டி பிளக். அதனைக் கத்தியால் மெல்லிய தகடுகளாக அரிந்தால் ஃபிளேக். கையால் தேய்த்து உதிர்த்தால் இழைகள் கிடைக்கும். பெட்டியில் இடாமல் இலைகளைக் கயிறுபோல் முறுக்கினால் டுவிஸ்ட்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் செய்யப்படும் பெரிக் இம்முறையின் முதிர்ந்த வடிவம் எனலாம். நரம்பு நீக்கிய இலைகளை முறுக்கி மரப்பீப்பாய்களில் அடைத்துத் திருகால் அழுத்துவர். இடையிடையே வெளியே எடுத்துக் காற்றாட விட்டு மீண்டும் அடைப்பர். ஏறத்தாழ ஓராண்டு தன் சாற்றிலேயே அது புளித்து முதிர்கிறது. அம்முறுக்குகளை வழங்கும் 'தொர்கெத்' என்னும் பெயர் அப்பகுதியின் பிரெஞ்சு மொழி மரபைக் காட்டுகிறது.

4. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' (1884) நாவலில் ஒரு சிற்றூரின் சோம்பேறிகள் மெல்லுவதற்குப் புகையிலை கடன் கேட்கின்றனர். கடன் வாங்குபவன் பிளக்கைப் பல்லால் கடித்து, கையால் இழுத்து இரண்டாக்குகிறான். உடையவன் மிஞ்சியதைத் துயரத்துடன் பார்க்கிறான். பிளக் என்பது எளிதில் பிய்க்க இயலாத இறுகிய கட்டி என்பது தெரியாவிடில் இக்காட்சியின் நகைச்சுவை வாசகரைச் சென்றடையாது. கடைச்சரக்கான கறுத்த தட்டைக் கட்டிக்கும், முறுக்கிய இயற்கை இலைக்கும் அந்நாவல் வேறுபாடு காட்டுவதும் கருதத்தக்கது.

இதே சொல் வேறிடத்தில் வேறு பொருள் தருவதும் உண்டு. கோனன் டாயிலின் 'பொறியாளரின் கட்டைவிரல்' (1892) கதையில் ஷெர்லாக் ஹோம்ஸ் காலையில் புகைப்பது, முந்தைய நாள் புகைத்தலில் எஞ்சிய 'பிளக்குகள்'. இவை சுங்கானின் அடியில் தங்கி, பின் உலர்த்தப்பட்ட எச்சங்கள். அழுத்திச் செய்த கட்டிகள் அல்ல. இங்குக் 'கட்டிப் புகையிலை' என எழுதுவது பிழையாகும்.

ஃபிளேக்குக்குச் 'சீவல்' என்னும் சொல் முதலில் தோன்றக்கூடும். வடிவம் ஒத்திருப்பினும், புகையிலையோடு சேரும்போது அச்சொல் வெற்றிலை பாக்கையே நினைவூட்டும். ஆதலின் 'வில்லை' ஏற்றது. தபால் வில்லை என்னும் வழக்கில் மெல்லிய சதுர வடிவத்தை அச்சொல் முன்னரே உணர்த்துகிறது. இவ்வாறே கேக்கைப் 'பாளம்' எனவும், பிளக்கைக் 'கட்டி' எனவும், டுவிஸ்டை 'முறுக்கு இலை' எனவும் வழங்கலாம். தனி முறுக்கு என்றால் தின்பண்டம் ஆகிவிடும். கேவண்டிஷ், பெரிக் ஆகியவற்றை ஒலிபெயர்ப்பதே தகும்.

5. முடிவுரை

பதம், பாடம், பாளம், கட்டி, வில்லை ஆகிய சொற்களுள் எதுவும் புதிதாக ஆக்கப்பட்டதன்று. உழவர், கொல்லர், சமையல் செய்வோர் ஆகியோர் நாவில் வழங்குவனவே இவை. தொழிற்சொல்லுக்கு நிகர் தேடும் மொழிபெயர்ப்பாளர், அகராதியைத் திறக்குமுன் அத்தொழிலில் கை என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்வாராயின், வேண்டிய சொல் பெரும்பாலும் தமிழிலேயே இருக்கக் காண்பார்.